617 வாக்குகள்

617!

1888-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஸ்காட்லாந்தின் மத்திய லானார்க் தொகுதியிலே நடைபெற்ற இடைத்தேர்தலில், கீர் ஹார்டி எனும் சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்த வாக்குகள் அவ்வளவே. லிபரல் கட்சி வேட்பாளருக்கு 3,847. கன்சர்வேடிவ் கட்சி வேட்பாளருக்கு 2,917. மூன்றாமவருக்கு 617!

தேர்தல் முடிந்த இரவிலே, கொடிக் கயிற்றைச் சுருட்டி, பசை வாளியைக் கழுவிக் கவிழ்த்து, பேச்சின்றி வீடு திரும்பிய அனுபவம் நம் தோழர்களில் பலருக்கு உண்டு. ஆகவே 617 எனும் எண் நெஞ்சிலே எப்படிக் கனக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. நாம் கூற விரும்புவது, அந்த 617-ஐப் பெறுவதற்காக அந்த மனிதர் எதை வேண்டாமென்று தள்ளினார் என்பதை. அதற்கு அவர் கதையை அடியிலிருந்தே சொல்லவேண்டும்.

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. அந்த நாளை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பிறகு தேவைப்படும். லானார்க் வட்டாரத்தில் லெக்பிரானக் எனும் சிற்றூரிலே, மேரி கீர் எனும் பணிப்பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தான். தாய்க்கு அப்போது மணமாகவில்லை. தந்தை பெயர் என்ன, குலம் என்ன, குடும்பம் என்ன என்று கேட்டுக் கேட்டே மனிதனைக் கூனவைக்கும் உலகம் நம் நாட்டிலே மட்டுமா இருக்கிறது? அங்கும் இருந்தது. பின்னர் டேவிட் ஹார்டி எனும் கப்பல் தச்சர் மேரியை மணந்தார். சிறுவனுக்குத் தம் பெயரையும் தந்தார். நல்ல மனிதர். ஆனால் தச்சனின் உளிக்கு வேலை இருந்தால்தானே அடுப்பிலே நெருப்பு! வேலை இல்லாத நாட்கள் அந்த வீட்டிலே அதிகம்.

பள்ளிக்கூடம் என்று ஒன்று அந்தச் சிறுவனுக்கு வாய்க்கவில்லை என்றே சொல்லிவிடலாம். ஏழெட்டு வயதிலேயே கூலிக்குப் போனான். கப்பல் கம்பெனியிலே செய்தி சுமக்கும் பையனாக, பிறகு கிளாஸ்கோ நகரிலே ரொட்டிக் கடைப் பையனாக. அந்த ரொட்டிக் கடைச் சம்பவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னாளிலே தாமே எழுதியும் வைத்தார்.

1866. கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்களின் முதலாளிகள் கதவடைப்புச் செய்துவிட்டனர். டேவிட் ஹார்டிக்கு வேலையில்லை. வீட்டிலே விற்கத் தக்கதெல்லாம் விற்றாகிவிட்டது. தாய் நிறைமாதக் கர்ப்பிணி. தம்பி காய்ச்சலிலே கிடக்கிறான். அந்தக் குடும்பத்துக்கு வருவாய் என்பது, பத்து வயதுப் பையன் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஓடி ஓடி ரொட்டி கொடுத்துச் சம்பாதித்த வாரக் கூலி, 3 ஷில்லிங் 6 பென்ஸ். இரவெல்லாம் தம்பியின் பக்கத்திலே விழித்திருந்தவன், காலையிலே சற்று நேரங்கழித்துப் போனான். எச்சரித்தனர். மறுபடியும் ஒருநாள் நேரமாகிவிட்டது. மழையிலே நனைந்து நடுங்கியபடி போய் நின்றான். முதலாளி மாடியிலே இருக்கிறார், மேலே போ என்றனர். போனான். கதவுக்கு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். ஏன்? உள்ளே முதலாளி குடும்பத்தோடு ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்! ஜெபம் முடிந்தது, கதவு திறந்தது. மேசைமேலே சிற்றுண்டி, ஆவி பறக்கும் காப்பி. நாற்காலியிலே சுற்றம். ஆண்டவனோடு பேசி முடித்த அதே வாயால் முதலாளி அந்தப் பையனை வேலையிலிருந்து நீக்கினார்; நேரங்கழித்து வந்த குற்றத்துக்கு அந்த வாரக் கூலியையும் அபராதமாகப் பிடித்துக்கொண்டார்.

பையன் வெறுங்கையோடு வீதிக்கு வந்தான். தம்பி பிழைக்கவில்லை.

தமிழகத்துப் பகுத்தறிவாளர்களாகிய நாம் இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹார்டியின் வீடு கடவுள் நம்பிக்கையற்ற வீடு. தாயும் வளர்ப்புத் தந்தையும் நாத்திகர். மகனோ வளர்ந்த பிறகு கிறித்துவ நெறியைத் தழுவினார், ஊர் ஊராகச் சென்று மதுவிலக்கும் போதித்தார். ஆனால் எந்த வேதத்தைப் படித்தபோதும், அந்த மாடிக் கதவை அவர் மறக்கவில்லை. ஏழையின் வயிற்றைக் கடந்துவிட்டு வானத்தைப் பார்க்கும் பக்தியை அவர் கடைசிவரை சாடினார். அதிலே நமக்கும் அவருக்கும் பேதமில்லை.

அடுத்து அவன் போன இடம் சுரங்கம். நிலக்கரிச் சுரங்கத்திலே காற்று ஓடுவதற்காகக் கதவுகள் வைத்திருப்பார்கள். கரி வண்டி வரும்போது திறக்கவேண்டும், போனதும் மூடவேண்டும். மூடத் தவறினால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றுப் போய்விடும். அந்தக் கதவைத் திறந்து மூடும் வேலை பத்து வயதுப் பிள்ளைகளுக்கு! நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், கும்மிருட்டிலே, தனியே. குளிர்காலத்திலே ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் சூரியனையே பார்க்கமுடியாது. அந்த இருட்டிலேதான் அவன் படித்தான். படிக்கத் தெரிந்தது தாயால். எழுதக் கற்றதோ தாமாக முயன்றும் இரவுப் பள்ளிக்குச் சென்றும். சுருக்கெழுத்துப் பயில்வதற்கு அவனுக்குத் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. தட்டையான கல் ஒன்றை விளக்குப் புகையிலே கறுக்கவைத்து, விளக்குத் திரியைத் தூண்டும் கம்பியால் அதன்மேல் கீறிக் கீறிப் பழகினான்.

வளர்ந்தான், வாலிபனானான், பேசினான். கூலி குறைக்கப்பட்டபோது தொழிலாளர் சார்பிலே முதலில் வாய் திறந்தது இந்தக் கதவுப் பையன்தான். ஒரு காலை, சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டிலே ஹார்டி இறங்கிக்கொண்டிருக்கிறார். பாதி வழியிலே கூண்டு நின்றது. மீண்டும் மேலே இழுக்கப்பட்டது. மேலே நிர்வாகி நிற்கிறார், கண் சிவக்க. ஹார்டி என்ற பெயருள்ளவன் எவனும் இனி இந்தச் சுரங்கத்திலே கால் வைக்கக்கூடாது என்று கூறிவிட்டார். தம்பிமார் இருவருக்கும் அதே தண்டனை. அந்த வட்டாரத்துச் சுரங்கங்கள் அனைத்தின் வாயிலும் அவர்களுக்கு அடைபட்டது.

வாயிலை அடைத்தவர்கள், வாயை அடைத்துவிட்டதாகக் கருதிக்கொண்டனர். ஆனால் 1879-லேயே சுரங்கத் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் செயலாளராக்கினர். வேலை நிறுத்தங்கள் நடத்தினார், தோற்றார். அயர்ஷயர் பகுதிக்குச் சென்றார். அங்கும் வேலை நிறுத்தம், அங்கும் தோல்வி. வயிற்றுக்காகக் கம்னக் எனும் ஊரிலே பத்திரிகைக்கு எழுதினார். 1886-இல் அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். 1887-இல் சுரங்கத் தொழிலாளிக்கென்றே ஒரு திங்களிதழ். கல்லிலே கீறிய கை, அச்சிலே எழுதத் தொடங்கிவிட்டது.

இப்போது மத்திய லானார்க்குக்கு வருவோம்.

அதுவரையில் ஹார்டி லிபரல் கட்சிக்காரர். தொழிலாளர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். பிரபுக்களின் கன்சர்வேடிவ் கட்சியைவிட லிபரல் கட்சி மேல் என்று எண்ணினர். மத்திய லானார்க் காலியானதும், சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதியிலே சுரங்கத் தொழிலாளியை நிறுத்துங்கள் என்று ஹார்டி லிபரல்களையே கேட்டார். கேட்டது தவறா? ஆனால் அவர்கள் பொறுக்கியெடுத்தது பணம் படைத்த ஒரு வழக்கறிஞரை. தொழிலாளி வாக்குப் போடவும், வாழ்க கூறவும் பயன்படுவான். வேட்பாளராக எப்படிப் பயன்படுவான்?

ஹார்டி தனியே நின்றார். உடனே தூது வந்தது. தோழர்களே, இந்த இடத்திலே நாம் சற்றுத் தங்கவேண்டும். லிபரல் தலைமையின் தூதுவர்கள் கொண்டுவந்த பேரம் இது: இந்த இடைத்தேர்தலிலிருந்து விலகிக்கொண்டால் போதும். அடுத்த பொதுத் தேர்தலிலே வெற்றி உறுதியான தொகுதி ஒன்று. தேர்தல் செலவு கட்சியுடையது. அத்துடன் ஆண்டுக்கு 300 பவுன்! அந்த நாளிலே பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. 300 பவுன் என்பது, கரி வெட்டுகிறவன் ஆண்டுக்கணக்கில் முதுகொடிந்தாலும் சேர்த்துப் பார்க்கமுடியாத பணம். ஹார்டிக்கு மனைவி உண்டு, குழந்தைகள் உண்டு. வீட்டு நிலையும் நாம் அறிவோம்.

மிரட்டியிருந்தால் எதிர்ப்பது எளிது. உதைத்திருந்தால் உதறி எழுவது எளிது. சுரங்க நிர்வாகி கூண்டை நிறுத்தினார். அதனால் ஹார்டி வளர்ந்தார். இது வேறுவகை ஆயுதம். நீயும் வா, உள்ளே வா, பெரிய மரத்தின் நிழலிலே நில் என்று அன்பாக அழைக்கும் ஆயுதம். இதற்கு இரையானவர்கள் எத்தனை பேர் என்று எந்த நாட்டு வரலாறும் கணக்கு வைத்துக் கொள்வதில்லை. ஏனென்றால் அவர்கள் அதற்குப் பிறகு வரலாற்றிலே தென்படுவதில்லை!

ஹார்டி மறுத்தார். உடனே அன்பு போயிற்று, அவதூறு வந்தது. வாக்கைப் பிரிக்கிறான் என்றனர். கன்சர்வேடிவ் பணம் வாங்கிவிட்டான் என்றனர். அயர்லாந்தின் தன்னாட்சிக்கு லிபரல்களே துணை என்பதால், அயர்லாந்துத் தொழிலாளரையும் அவர்கள் பக்கமே வாக்களிக்கச் சொல்லினர் அயர்லாந்துத் தலைவர்கள். மிஞ்சியது 617.

அதே ஆண்டு ஆகஸ்டு திங்களில், கிளாஸ்கோ நகரிலே ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி பிறந்தது. செயலாளர், கீர் ஹார்டி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1892 பொதுத் தேர்தல். லண்டனின் கிழக்கே, கப்பல் துறைத் தொழிலாளர் வாழும் தெற்கு வெஸ்ட்ஹாம் தொகுதி ஹார்டியைத் தேர்ந்தெடுத்தது. பட்டுத் தொப்பியும் நீண்ட கறுப்பு அங்கியும் அணிந்த கனவான்கள் நிறைந்த மன்றத்துக்குள், முரட்டுக் கம்பளி உடையும் துணித் தொப்பியுமாக நுழைந்தார். வாயிற்காவலர், கூரை வேலைக்கு வந்த ஆள் என்று எண்ணிவிட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, காவலர் எண்ணியது அவ்வளவு பிசகில்லை. கூரையைப் பிரிக்கத்தான் வந்திருந்தார்!

அந்தத் தேர்தலிலே இரு பெரும் கட்சிகளையும் சாராமல் வென்ற தொழிலாளர் தலைவர்கள் மூவர். ஹார்டி, கப்பல் தொழிலாளர் தலைவர் ஹாவ்லாக் வில்சன், 1889-ஆம் ஆண்டுத் துறைமுக வேலை நிறுத்தத்தின் வீரர் ஜான் பர்ன்ஸ். மற்ற இருவரும் விரைவிலே லிபரல் பக்கம் சாய்ந்தனர். பர்ன்ஸ் பெரும் பேச்சாளர். ஹார்டியைவிடத் திறமைசாலி என்றுகூடப் பலர் கருதினர். 1905-இல் லிபரல் அமைச்சரவையிலே இடம் பெற்றார். பிரிட்டிஷ் காபினெட்டிலே அமர்ந்த முதல் தொழிலாளி அவர்தான். நாணயமானவர், 1914-இல் போரை எதிர்த்துப் பதவியை உதறினார், அதற்காக அவரை வணங்குகிறோம். ஆனால் பதவியை விட்டு வெளியே வந்தபோது, அவர் பின்னால் நிற்க ஒரு கட்சி இல்லை. 1918-க்குப் பிறகு பாராளுமன்றத்திலும் இல்லை. 1943 வரை வாழ்ந்தார், புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டு. பர்ன்ஸ் வளர்ந்தார். ஹார்டி வளர்த்தார்.

1893 ஜனவரியிலே பிராட்போர்டு நகரில் சுமார் 120 பேர் கூடி, சுயேச்சைத் தொழிற்கட்சியைத் தொடங்கினர். ஹார்டி தலைமை. மன்றத்திலோ அவர் ஓயாமல் எழுப்பியது வேலையில்லாதவர்களின் பிரச்சினையை. வேலையற்றோரின் உறுப்பினர் என்றே பெயர் வந்துவிட்டது.

1894 ஜூன் 23. தென் வேல்ஸில் கில்ஃபினித் எனும் ஊரின் ஆல்பியன் சுரங்கத்திலே வெடிவிபத்து. 290 பேர் மாண்டனர். தெருவுக்குத் தெரு ஒப்பாரி. அதே நாளில் லண்டனிலே அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது, விக்டோரியா அரசியின் கொள்ளுப் பேரன். சில நாட்களிலே பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கொலையுண்டார். காமன்ஸ் சபை கூடியது. பிரெஞ்சுத் தலைவருக்கு அனுதாபம் தெரிவித்தது. அரச குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. 290 பிணங்கள்? அவர்களுடைய குடும்பத்தாருக்கு அனுதாபமாக ஒரு வரி சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். மறுத்துவிட்டனர்.

ஹார்டி எழுந்தார், தனியாக. சபை ஊளையிட்டது, கூச்சலிட்டது. அவர் நிறுத்தவில்லை. இந்தக் குழந்தையைச் சுற்றித் துதிபாடிகள் கூடுவர். மக்களிடமிருந்து பிரிக்கும் கோடு சிறுவயதிலேயே போடப்படும். வளர்ந்ததும் உலகச் சுற்றுப் பயணம் அனுப்புவர். தகுதி குறைந்த திருமணம் என்ற பேச்சு எழும். கடைசியிலே செலவுப் பட்டியல் நாட்டின் தலையிலே விழும் என்று சொன்னார். அந்தக் குழந்தைதான் எட்டாம் எட்வர்டு. 1936-இல் தான் விரும்பிய பெண்ணை மணக்க முடியாமல் முடி துறந்த மன்னர். சோதிடம் பார்க்காமலே சொன்னார் ஹார்டி!

விலையும் கொடுத்தார். 1895 தேர்தலிலே சுயேச்சைத் தொழிற்கட்சி 28 பேரை நிறுத்தியது. 28 பேரும் தோற்றனர். ஹார்டியும் தோற்றார். மன்றத்திலே இருந்த ஒன்றும் போயிற்று.

அடுத்த ஐந்தாண்டுகளிலே அவர் செய்ததைச் சொல்ல, சுவையான சம்பவம் எதுவும் கிடையாது. இரயில், மழை, சிற்றூர், பாதி நிரம்பிய கூடம், பத்திரிகைக் கடன், மீண்டும் இரயில். கட்சி என்பது பெரும்பாலும் அதுதான் என்பதைக் கிளைச் செயலாளராக இருந்தவர்கள் அறிவார்கள். 1900 பிப்ரவரியிலே லண்டன் மெமோரியல் மண்டபத்தில் தொழிற்சங்கங்களும் சமதர்ம அமைப்புகளும் சேர்ந்து 129 பேராளர்கள் கூடினர். சிலர் வர்க்கப்போர் முழக்கம் வேண்டுமென்றனர். சிலர் லிபரலோடு ஒட்டியே இருப்போமென்றனர். இரண்டுக்கும் நடுவே ஹார்டி பிடிவாதமாகக் கேட்டது ஒன்றைத்தான்: பாராளுமன்றத்திலே தொழிலாளருக்கெனத் தனிக் குழு, தனிக் கொறடா, தனிக் கொள்கை. கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலிலே இருவர் வென்றனர். ஒருவர் ஹார்டி, அவரைத் தேர்ந்தெடுத்தது தென் வேல்ஸின் மெர்தர் தொகுதி. அவர் 290 பேருக்காகக் கதறியதும் தென் வேல்ஸுக்காகத்தானே!

மறு ஆண்டு எதிரியே உதவினான். டாஃப் வேல் இரயில்வே வேலை நிறுத்த வழக்கிலே, நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. 23,000 பவுன் கொடுக்க நேர்ந்தது. அரசியல் நமக்கேன் என்றிருந்த சங்கங்கள் அலறிக்கொண்டு வந்து சேர்ந்தன. 1906-இல் 29 பேர்! தொழிற்கட்சி என்ற பெயர் நிலைத்தது. ஹார்டி அந்தக் குழுவின் தலைவரானார், ஒரே ஒரு வாக்கு மிகுதியால். தலைவர் வேலையை அவர் திறம்படச் செய்ததாகக் கூறமாட்டோம். 29 பேரைக் கட்டி மேய்க்கும் பொறுமை அவரிடம் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை என்று போராடியவர்கள் பக்கம் நின்றார்; அவசரப்படாதே என்றவர்கள் அவருடைய கட்சியிலேயே இருந்தனர். விரைவிலே பொறுப்பை விட்டுவிட்டார்.

1907-இல் இந்தியா வந்தார். வங்கப் பிரிவினையால் நாடு கொதித்த காலம். இந்தியருக்குத் தன்னாட்சி வேண்டும் என்றார். லண்டன் ஏடுகள் இராஜத்துரோகி என்று சீறின. அங்கிருந்து சுற்றித் தென்னாப்பிரிக்கா போனார். கறுப்புத் தொழிலாளியையும் சங்கத்திலே சேர்க்கவேண்டும் என்றார். வெள்ளையர் கூட்டம் கல்லெறிந்தது. எறிந்தவர்களிலே தொழிலாளர்களும் இருந்திருப்பர். அதற்காக அவர் பேச்சை மாற்றவில்லை.

1914 ஆகஸ்டு. போர் வருகிறது. எல்லா நாட்டுத் தொழிலாளரும் ஒரே நாளில் வேலை நிறுத்தம் செய்தால் எந்த அரசும் போர் நடத்தமுடியாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர் ஹார்டி. ஆகஸ்டு 2-ஆம் நாள் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலே முழங்கினார். 4-ஆம் நாள் போர் மூண்டது. 6-ஆம் நாள் தம் தொகுதியிலேயே, அபர்டேர் ஊரிலே பேச எழுந்தார். எந்த மக்கள் அவரை மன்றத்துக்கு அனுப்பினரோ, அதே மக்கள் தேசபக்திப் பாட்டுப் பாடி, கூச்சலிட்டு, அவர் குரலை அமிழ்த்தினர். தங்கியிருந்த வீடுவரை கூட்டம் துரத்தியது. கட்சியின் பெரும்பான்மையோ போரை ஆதரித்தது. தாம் பெற்று வளர்த்த பிள்ளை, தம்மை விட்டுவிட்டு வேறு பக்கம் நடப்பதைப் பார்த்தபடியே, 1915 செப்டம்பர் 26-இல் கிளாஸ்கோவிலே மறைந்தார். வயது 59. அடுத்த இடைத்தேர்தலிலே மெர்தர், தொழிற்கட்சியின் வேட்பாளரைத் தோற்கடித்துப் போர் ஆதரவாளரைத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் அமைப்பு இருந்தது. 1922-இல் 142 பேர். 1924 ஜனவரியிலே ராம்சே மக்டொனால்டு தலைமையில் முதல் தொழிற்கட்சி அமைச்சரவை. வார்ப்படத் தொழிலாளி ஹெண்டர்சன் உள்துறை அமைச்சர். பத்து வயதிலே பஞ்சாலைக்குப் போன கிளைன்ஸும் அமைச்சர். பத்து மாதங்கூட அது நிலைக்கவில்லை. 1929-இல் மீண்டும் ஆட்சி. 1931-இல் வந்தது பழைய தூது! வேலையற்றோருக்கான உதவித் தொகையை வெட்டுவதா என்பதிலே அமைச்சரவை பிளந்தது. மக்டொனால்டு கன்சர்வேடிவ்களோடும் லிபரல்களோடும் சேர்ந்து புது ஆட்சி அமைத்து, தாமே பிரதமராக நீடித்தார். 1888-இல் ஒரு சுரங்கத் தொழிலாளி வேண்டாமென்றதை, 1931-இல் ஒரு பிரதமர் ஏற்றார்! தேர்தலிலே தொழிற்கட்சி 52 இடங்களுக்குச் சுருங்கியது. அந்த 52 பேர் அவரைப் பின்பற்றிப் போகாமல் எதிர் வரிசையிலே அமர்ந்தனர். 1945-இல் 393.

அந்த ஆட்சியிலேதான் 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஹார்டி பிறந்து சரியாக 91 ஆண்டுகள். நாள் பொருந்தியது தற்செயல்தான்; ஜப்பான் சரணடைந்த நாளின் நினைவாகவே மவுண்ட்பேட்டன் அதைத் தேர்ந்தெடுத்தார். தற்செயல் அல்லாதது, அதற்கு ஏழரைத் திங்கள் முன்பு நடந்தது. 1947 ஜனவரி முதல் நாள், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. இனி இச்சுரங்கம் மக்கள் சார்பில் நடத்தப்படும் என்று அறிவிக்கும் பலகைகள் சுரங்கம் தோறும் வைக்கப்பட்டன. ஹார்டி என்ற பெயருள்ளவன் எவனும் நுழையக்கூடாது என்று தடுத்த லானார்க்கின் சுரங்க வாயில்களிலும் அந்தப் பலகை ஏறிற்று.